மலையடிச் செல்லியம்மாளும் மூச்சளக்க வந்தவர்களும்

செல்லியம்மாளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரையும் தங்கமான மனிதர்களாக ஆக்கிவிடுவது நம்மவர்களின் வழக்கம். அவள் தங்கம் இல்லை. வாயைத் திறந்தால் சுருக்கென்று தைக்கும். பம்மலுக்கு மேற்கே, மலையடியில் இருந்த ஒரு கிரஷரில் இருபது வருஷம் ஜல்லி வாரியவள். இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கி நகம் இல்லாமல் இருக்கும். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அந்தக் கையைத்தான் நீட்டுவாள். கூப்பிடப்பட்டவன் கொஞ்சம் பயந்துகொண்டே வருவான். மலையடி மாதர் சங்கத்துக்கு அவள் தலைவியானதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

1986 கடைசியில் நான் அங்கே போனேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிழக்குத் தாம்பரத்தில் வீடு. பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் முடித்து, மூன்று வருஷம் வீட்டில் தண்டச்சோறு தின்றவனுக்கு ஒரு ஆராய்ச்சி மையத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று பேராசிரியர் ராஜகோபால் வாயால் சொல்லியிருந்தார். காகிதத்தில் எதுவும் இல்லை.

ராஜகோபால் வெளிநாட்டில் படித்தவர். மக்களோடு கைகோத்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவருடைய மந்திரம். எந்த மேடையானாலும் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டார். மலையடியில் மூன்று வருஷம் வந்து போனாரே தவிர, அந்த மக்களோடு ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை. காப்பி பிளாஸ்க்கில் வீட்டிலிருந்து வரும். டிரைவருக்குக்கூட அதில் பங்கு கிடையாது.

அவரும் மாதர் சங்கமும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ரேஷன் கடை வராந்தாவில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, ராஜகோபால் நின்றுகொண்டு விளக்கினார். கிரஷரில் வேலை செய்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்ததும், ஒரு மீட்டரில் ஊத வேண்டும். அது மூச்சின் பலத்தை அளக்கும். மூன்று வருஷம் இப்படிச் செய்தால் தூசி நெஞ்சை எவ்வளவு கெடுக்கிறது என்பது எண்ணிக்கையில் தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் போனால் முதலாளி கிரஷருக்குத் தகரம் அடித்து மூட வேண்டி வரும், தண்ணீர் தெளிக்க வேண்டி வரும். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று வருஷமும் அதே ஆட்கள் வர வேண்டும். பத்துப் பேர் நின்றுவிட்டாலும் ஆராய்ச்சி குப்பைக்குப் போகும்.

செல்லியம்மாள் எழுந்து, எத்தனை ஆட்கள் என்று கேட்டாள். கிரஷர் பட்டியலில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு பேரும் என்றார் ராஜகோபால்.

"அவ்ளோதான? ஒரு பேர் கொறையாது. நான் இட்டாந்து நிறுத்தறேன்" என்றாள். கோணலாக ஒரு கையெழுத்தும் போட்டாள்.

அந்தப் பட்டியலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எழுபத்தொன்பதில் ஒரு வேலைநிறுத்தம் நடந்து, அதன் முடிவில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை நிரந்தரம் என்று முதலாளி ஒத்துக்கொண்டான். அதற்கு மேல் ஒரு பெயரையும் சேர்க்க மாட்டேன் என்றும் எழுதி வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து மலையடியில் அந்தப் பெயர்கள் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டன. ஒருவன் படுத்துவிட்டால் அவன் பெயரில் தம்பி வேலைக்குப் போவான். செத்துவிட்டால் மகன் போவான். காலையில் மேஸ்திரி 'கோவிந்தன்' என்று கூப்பிட்டால், கோவிந்தன் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தாலும், யாராவது ஒருவன் ஆஜர் என்பான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பையன் வீட்டில் பட்டியலில் எத்தனை பெயர் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாது. அவனுக்குக் கல் உடைந்தால் போதும்.

இது திருட்டுத்தனம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. 'அதே ஆட்கள்' என்று ராஜகோபால் சொன்னபோது செல்லியம்மாள் புரிந்துகொண்டது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஆள் வந்து நிற்க வேண்டும் என்பதைத்தான். நாற்பது பெண்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். படித்தவர்களாகிய நாங்கள் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் செலவழித்துக் கேள்வித்தாள் தயாரித்தோம். பீடி குடிப்பீர்களா, சளியில் ரத்தம் வருமா, விறகடுப்பா ஸ்டவ்வா என்று முப்பத்தாறு கேள்விகள் அதில் இருந்தன. நீதான் முனிரத்தினமா என்ற கேள்வி மட்டும் இல்லை.

முனிரத்தினம் செல்லியம்மாளின் புருஷன். எண்பத்தேழு ஜனவரியில் அவனை நான்தான் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம். ஊதியதும் இருமல் வந்து கீழே உட்கார்ந்துவிட்டான். மூன்று தடவை ஊத வேண்டும் என்பது விதி. நான் அவனை எழுப்பினேன். செல்லியம்மாள் பாய்ந்து வந்தாள்.

"மன்சன கொன்னு எழுதப்போறியா நீ? காத்த எழுதிகினு சம்பளம் வாங்கறவன்லாம் வந்துட்டான்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மலையடியில் எனக்குக் 'காத்து குமாஸ்தா' என்று பெயர். சுந்தர்சிங் என்று என் அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளை நான் மன்னிக்கவே இல்லை.

ஆனாலும் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷமும் நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று குறையவில்லை. வர மறுத்தவர்களை வீடு புகுந்து இழுத்துக்கொண்டு வந்தாள். ராஜகோபால் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். இந்த நாட்டிலேயே இப்படி ஒரு ஒத்துழைப்பு கிடையாதாம்.

எண்பத்தொன்பது ஜனவரியில், மூன்றாவது தடவை அளக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முனிரத்தினம் என்று கூப்பிட்டேன். வந்தவன் ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தான். மீட்டரின் முள் உச்சிக்குப் போயிற்று. நாற்பத்தாறு வயதில் ஐந்து அங்குலம் வளர்ந்த மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாயங்காலம் உட்கார்ந்து மூன்று வருஷத்து உயரங்களையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர் வளர்ந்திருந்தார்கள் அல்லது குட்டையாகியிருந்தார்கள்.

நோட்டை ராஜகோபாலிடம் காட்டினேன். அவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். முகம் மாறியதை நான் கவனித்தேன். அதன் பிறகு மையத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு டேப்பை நேராகப் பிடிக்கத் தெரியாதா, இதற்குத்தான் பட்டம் வாங்கினாயா என்று கத்தினார். முதல் வருஷத்து உயரங்களையே மூன்று வருஷத்துக்கும் டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். என் கையால்தான் அடித்தேன். நிரந்தரம் என்ற ஒரு வார்த்தைக்காக. அந்த இடத்துக்கு ஆறு மாதத்தில் அவருடைய அக்காள் மருமகன் வந்து உட்கார்ந்தான்.

அறிக்கை வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை, மூச்சின் பலம் குறையவில்லை, சிலரிடம் கூடியும் இருக்கிறது, ஆகவே கல் தூசியால் குறிப்பிடத்தக்க கெடுதல் தெரியவில்லை. மாதர் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலாளிக்கு எப்படியோ போய்விட்டது. கிரஷர் வாசலில் தமிழில் நோட்டீஸ் ஒட்டினான். மூன்று வருஷத்தில் ஒருவனும் சாகவில்லை, தூசியால் ஒரு கெடுதலும் இல்லை என்று படித்தவர்களே சொல்லிவிட்டார்கள், இனி தகரம், தண்ணீர் என்று எவனும் வாயைத் திறக்கக் கூடாது.

செல்லியம்மாள் பதினைந்து பெண்களோடு மையத்துக்கு வந்தாள். என் வேலையில் அது கடைசி மாதம். ராஜகோபாலின் அறைக்குள் அவளும் இன்னொருத்தியும் மட்டும் போக விட்டார்கள். நான் கோப்பு எடுத்துக் கொடுக்க உள்ளே நின்றேன்.

"எம் புருசன் செத்து ஒரு வருசமாவுது. ஒருத்தனும் சாவலன்னு நீ எழுதிகினு கீற. இன்னா சார் இது?"

முனிரத்தினம் எப்போது செத்தான் என்று ராஜகோபால் கேட்டார். எண்பத்தெட்டு நவம்பர், தாம்பரம் சானடோரியத்தில், நெஞ்சில் கல் தூசி என்று டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். அப்படியானால் எண்பத்தொன்பது ஜனவரியில் முனிரத்தினம் என்று வந்து ஊதியது யார் என்று அவர் கேட்டார்.

செல்லியம்மாள் நீட்டியிருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஊதியது முனிரத்தினத்தின் தம்பி ஜெயவேலு. அவளே அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தியவன். மூன்று வருஷம் ஒரு பெயர் குறையாமல் கொண்டுவந்து நிறுத்திய பெருமையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு என்னவாக ஆயிற்று என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காத்து குமாஸ்தா என்றாயே, இப்போது பேசு என்று மனதுக்குள் நினைத்தேன்.

ராஜகோபால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது, ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, அறிக்கை தப்பு என்று நான் எழுதினால் செத்தவர்கள் பெயரில் வேலை செய்கிற அத்தனை பேரையும் சொல்ல வேண்டி வரும், அத்தனை வேலையும் போகும், சும்மா இருப்பது உங்களுக்குத்தான் நல்லது என்றார். தன்னுடைய மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளுடைய ஜனங்களைக் காட்டி மிரட்டினார். அதையும் ஏதோ அவளுக்கு உபகாரம் பண்ணுகிற மாதிரி சொன்னார். மக்களோடு கைகோத்து.

அவள் சும்மா இருக்கவில்லை. முனிரத்தினம் செத்து இரண்டு வருஷம் முடிவதற்குள், தூசியால்தான் செத்தான் என்று லேபர் ஆபீஸில் கேஸ் போட்டாள். கேஸ் போட்டால் அவன் செத்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் பட்டியலில் அவள் வீட்டுப் பெயர் போகும். போயிற்று. ஜெயவேலு தெருவில் நின்று அவளைக் கண்டபடி திட்டிவிட்டு, திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கூலிக்குப் போனான். அவளுக்குத் தேவைப்பட்டது நஷ்டஈடு மட்டும் இல்லை. தூசியால் ஒருவன் செத்தான் என்று ஒரு அதிகாரி ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், அதை வைத்துத் தகரமும் தண்ணீரும் வாங்கிவிடலாம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தாள். அதற்குத் தன் வீட்டுப் பெயர் ஒன்று போனால் போகட்டும் என்றாளாம். மற்றவர்களின் பெயரில் கை வைக்கவே கூடாது என்பதில் குறியாக இருந்தாள்.

தொண்ணூற்றொன்றில் விசாரணை வந்தது. நான் அப்போது குரோம்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் வக்கீல் மனுப்போட்டு எனக்குச் சம்மன் அனுப்ப வைத்தார். அத்தனை பேரையும் நேரில் நிறுத்தி அளந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அறிக்கை பார்த்துக்கொள்ளும் என்றார். நான் சரி என்றேன். போகும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் பையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் செல்லியம்மாளை விசாரித்தார்கள். புருஷன் செத்த பிறகு மைத்துனன் அவன் பெயரில் வேலை செய்ததையும், மீட்டரில் ஊதியதையும் மறைக்காமல் சொன்னாள். வக்கீல் கெட்டிக்காரர். கோபப்படவே இல்லை. இப்படி இன்னும் எத்தனை வீட்டில் நடந்தது என்று மட்டும் கேட்டார். அதிகாரியும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நன்றாக யோசித்துச் சொல்லம்மா என்றார். ஒரு ஆள் மட்டும் மாறியிருந்தால் அறிக்கை தப்பாகிவிடாது, மிச்சம் நூற்றுப் பதினோரு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று ஆகும், உன் புருஷன் பீடியால் செத்திருக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள், நான் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று விளக்கினார்.

அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அந்த நகமில்லாத விரல்களைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல மட்டும்தான் சார்" என்றாள்.

அவளுடைய கேஸ் அந்த இடத்தில் செத்துவிட்டது. அவளே கொன்றாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நேரில் அளந்தீர்களா என்று வக்கீல் கேட்டார். அளந்தேன் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். பின்வரிசையில் ராஜகோபால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, நல்ல பிள்ளை என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அளந்ததை மாற்றி டைப் அடிக்கச் சொன்னார்கள் என்றேன். நோட்டை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தேன். முப்பத்தெட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாக, உயரத்தோடு வாசித்தேன். வாசிக்க வாசிக்க ராஜகோபாலின் கால் கீழே இறங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான பத்து நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

செல்லியம்மாள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அறிக்கையை ஏற்க முடியாது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். வக்கீல் வாதாடவில்லை. நோட்டின் நகல் ஒன்று வேண்டும் என்று மனுப்போட்டு வாங்கிக்கொண்டார். தோற்கப் போகிறவருக்கு நகல் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முனிரத்தினம் கல் தூசியால்தான் செத்தான் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பேப்பரில் பெயர் வந்தவன் மாதிரி பெருமையோடு ஒரு வாரம் நான் குரோம்பேட்டையில் நடமாடினேன். செல்லியம்மாள் ஒரு நாள் வந்து நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நான் கோயில் ஆராதனை முடிந்து திரும்பி வரும்போது எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். முன்பு மாதிரி திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

நகலை வைத்துக்கொண்டு முதலாளி அதில் இருந்த மற்ற முப்பத்தேழு பெயரையும் அடித்துவிட்டான். மோசடி என்று போலீஸுக்குப் போவேன் என்று மிரட்டி, மிச்சம் இருந்தவர்களிடமும் கணக்கு முடித்து எழுதி வாங்கிவிட்டான். பட்டியலே இப்போது கிடையாது. மறுநாளிலிருந்து அதே ஜனங்களை காண்டிராக்டர் மூலம் தினக்கூலிக்கு எடுத்துக்கொள்கிறான். இவ்வளவையும் அவள் சாதாரணமாக, விலைவாசி சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"நான் கூண்டுல நின்னு சொன்னத நீ கேட்டியா இல்லியா?"

கேட்டேன் என்றேன்.

"எனக்குத் தெரியாமயா அப்டி சொன்னேன்? முப்பத்தெட்டு வூடும் உனக்குத் தெரியும். மூணு வருசம் வந்துகினு இருந்த. எந்திரிக்கறதுக்கு முன்னால ஒரு வூட்டையாவது கேட்டியா?"

உண்மையைத்தானே சொன்னேன், உன் கேஸ் ஜெயித்ததே என்னால்தானே என்று நான் ஏதோ சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்களுக்காவ சொன்னியா, அந்த புரொபசரு மேல இருந்த காண்டுல சொன்னியா? அத்த மட்டும் சொல்லு. நான் போயிடறேன்."

பொய் சொல்லியிருக்கலாம். என்னவோ, அவளிடம் வாய் வரவில்லை. அவர் மேல் இருந்த கோபத்தில்தான் என்றேன். அவள் அதை எதிர்பார்த்தவள்போலத் தலையாட்டினாள். அவரு அவர் பேருக்காவ எங்கள எழுதினாரு, நீ உன் ரோசத்துக்காவ எங்கள வாசிச்ச என்றாள். இனிமே மலையடிப் பக்கம் வராதே என்றும் சொன்னாள். கோபமாக இல்லை. அங்கே நாலு பேர் என்னை அடிக்கத் தயாராக இருக்கிறார்கள், வீண் பேஜார் எதற்கு என்ற தோரணையில் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவளையும் அவர்கள் விடவில்லை. கேஸ் போட்டவள் அவள்தான், அவளால்தான் இத்தனையும் என்று சங்கத்தில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. தீர்ப்பைக் காட்டித் தகரம் கேட்கலாம் என்று அவள் கூட்டம் கூப்பிட்டபோது ரேஷன் கடை வராந்தாவில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாளாம். கேட்பதற்கு இனி யார் இருக்கிறார்கள், நாங்கள் அந்த கிரஷருக்கு யாருமே இல்லையே என்று ஒருத்தி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். இதையெல்லாம் ஜெயவேலு பிறகு ஒரு நாள் பல்லாவரம் சந்தையில் பார்த்தபோது என்னிடம் சொன்னான். ராஜகோபால், மக்களை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வதில் உள்ள சிக்கல்கள் என்று ஒரு கட்டுரை எழுதி அதற்கும் எங்கோ வெளிநாட்டுக்குப் போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

செல்லியம்மாள் கடைசிவரை அந்த கிரஷரிலேயே தினக்கூலிக்கு ஜல்லி வாரினாள். தொண்ணூற்றாறில், புருஷனுக்கு வந்த அதே இருமலில் செத்தாள். ஒரு மாதம் கழித்து பஸ் நிறுத்தத்தில் ஜெயவேலுவைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் கேஸ் போட அவன் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்திருக்கிறான். அவள் அந்த கிரஷரில் வேலை செய்தாள் என்பதற்கு ஒரு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னாராம். நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நீ எழுதினது போதும் சார் என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான்.